ஜெர்மன் காரைத் தமிழில் படித்தோம்

அவிநாசிபாளையத்தில் கார் நின்றபோது நல்ல மத்தியானம். பின்பக்க மூடியின் துளைகள் வழியாக நீலப் புகை வந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் எங்களை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. உள்ளே போனார், நிறை குடம் தண்ணீரோடு வெளியே வந்தார். அந்தக் காலத்தில் வெயிலில் எந்தக் கார் நின்றாலும் அதுதான் முதல் உபகாரம்.

"எங்கீங்க ஊத்தறது?" என்று கேட்டார்.

இந்தக் காருக்குத் தண்ணீர் ஊற்றுகிற இடமே கிடையாது என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. முன்மூடியைத் திறந்து காட்டினேன். அதற்குள் எங்கள் முதலாளியின் துணிப்பையும் ஒரு கூடைத் தேங்காயும் இருந்தன. பின்மூடியைத் திறந்து காட்டினேன். எஞ்சின் இருந்தது, ஆனால் ரேடியேட்டர் இல்லை. குடத்தை இடுப்பில் வைத்தபடி அவர் காரை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"தண்ணி குடிக்காம என்னங்க வண்டி இது?" என்றார். அதில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

கொண்டுவந்த தண்ணீரைத் திரும்ப எடுத்துப் போக அவருக்கு மனமில்லை. கடைசியில் எங்கள் முதலாளி சென்னியப்பன், பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடுரோட்டில் கைகால் முகம் கழுவிக்கொண்டார். மிச்சத்தை நான் குடித்தேன். குடம் காலியானதும் டீக்கடைக்காரர் நிம்மதியாகப் போனார்.

கார் மட்டும் அப்படியே நின்றது. எண்ணெய் தீய்ந்த வாசம் ரோட்டைத் தாண்டி அடித்தது. பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் டீக்கடைக்குள் போய், பஜ்ஜி வெந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டு வந்தார்கள்.

வண்டு வந்த வழி

போன வாரம் நிட்டிங் மெஷினில் ஊசி உடைந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு நண்பர், பனியன் மெஷின் ஃபிட்டருக்குக் காரோடு என்ன வேலை என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதே கேள்வியை நான் அப்போதே முதலாளியிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில், "ரெண்டும் ஜெர்மன்தானப்பா."

அறுபதுகளின் பின்பாதி. இந்தி எதிர்ப்பு அடங்கிய மறுவருஷமோ, அதற்கு அடுத்ததோ. திருப்பூரில் எங்கள் கம்பெனியில் ஒரு ஜெர்மன் நிட்டிங் மெஷின் இருந்தது. அதை ஓட விடுவதும், ஓடாதபோது அதன் முன்னால் உட்கார்ந்திருப்பதும் என் வேலை.

கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லுக்கு மெஷின் பூட்ட வந்த ஜெர்மன் எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது தன் காரை விற்றார். எங்கள் முதலாளி வாங்கிவிட்டார். சாம்பல் நிறம், வட்ட முதுகு, இரண்டு கதவு. எஞ்சின் பின்னால். அதைக் குளிர வைப்பதற்குத் தண்ணீர் கிடையாது, காற்றுதான். எஞ்சின் மேலே ஒரு பெரிய தகரக் கூடு, அதற்குள் ஒரு விசிறி. விசிறி சுற்றினால் காற்று கீழே இறங்கி எஞ்சினைத் தடவிக்கொண்டு போகும். அவ்வளவுதான் ஏற்பாடு.

ஊரில் அதற்கு 'வண்டு' என்று பெயர் விழுந்துவிட்டது. முதலாளிக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஆனால் வீட்டில் அவரே ஒருநாள், "வண்டு எங்க நிக்குது?" என்று கேட்டுவிட்டார்.

காரோடு ஒரு தடித்த புத்தகமும் வந்தது. ரிப்பேர் புத்தகம். நிறைய படங்கள். படங்களுக்குக் கீழே ஜெர்மன் மொழி. முன்சீட்டுக்கு எதிரே இருந்த சின்ன அறையில் அது கிடந்தது. கார் நன்றாக ஓடிய வரையில் அதை யாரும் எடுக்கவில்லை.

விபூதி வைத்தியம்

அவிநாசிபாளையத்திலிருந்து காரை ஒரு லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தோம். எண்ணெய் எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்ப்பது என் பொறுப்பு.

எண்ணெய் ஒழுகும் இடம் ஒன்று, எண்ணெய் தெரிகிற இடம் வேறு. விசிறி அடிக்கிற காற்று எல்லாவற்றையும் எஞ்சின் முழுக்கப் பூசிவிடும். முதலில் எஞ்சினின் பக்கவாட்டு மூடிகளின் கார்க் பேக்கிங்கை மாற்றினேன். ஒழுகியது. அப்புறம் கீழே இருக்கும் நாலு குழாய்களின் ரப்பரை மாற்றினேன். அப்போதும் ஒழுகியது. முதலாளி தினமும் காலையில் காருக்கு அடியில் குனிந்து பார்ப்பார், மணலில் புதுக் கறை இருக்கும், அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்.

மூன்றாவது தடவை ஒரு யோசனை வந்தது. எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, மேலே ஏதாவது வெள்ளைப் பொடியைத் தூவினால், எண்ணெய் வரும் தடம் கோடு போட்டதுபோலத் தெரியும். பவுடர் இல்லை. கம்பெனி சாமி படத்துக்கு முன்னால் ஒரு பெரிய பொட்டலம் விபூதி இருந்தது. அதை எடுத்து எஞ்சின் முழுக்கத் தூவினேன்.

தூவிவிட்டுக் கை கழுவப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் நூல் சுற்றும் பெண்கள் ஏழெட்டுப் பேர் எஞ்சின் முன்னால் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். காருக்கு ஏதோ தோஷம், ஃபிட்டர் பூஜை போடுகிறார் என்று பேச்சு பரவியிருந்தது. ஒருத்தி தேங்காய் கொண்டுவந்திருந்தாள். இன்னொருத்தி ஒரு தட்டில் சூடம் ஏற்றி, பெட்ரோல் குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில் காட்டிக்கொண்டிருந்தாள்.

நான் ஓடிப்போய் அந்தச் சூடத்தை வாயால் ஊதி அணைத்தேன்.

சாமிக்கு ஏற்றிய சூடத்தை வாயால் ஊதிய மனிதனை அதற்கு முன் அவர்கள் பார்த்ததில்லை. நானும் ஊதியதில்லை. பெட்ரோலைப் பற்றி நான் விளக்கியது யார் காதிலும் ஏறவில்லை. பதினைந்து நாள் அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. முதலாளி வீட்டம்மாவிடம் புகாரும் போயிற்று.

ஆனால் விபூதி வேலை செய்தது. எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓட விட்டேன். இடது பக்கம், தகரக் கூட்டின் அடியிலிருந்து, வெள்ளையின் மேல் ஒரு கறுப்புக் கோடு மெதுவாக இறங்கியது.

எனக்குத்தான் தலை சுற்றியது. அந்தக் கூட்டுக்குள் விசிறியும் காற்றும்தானே இருக்க வேண்டும்? காற்று இருக்கும் இடத்திலிருந்து எண்ணெய் எப்படி வரும்?

புலவர் கூத்தரசன்

எங்கள் கம்பெனிக்கு எதிர்வீட்டில் குடியிருந்தவர் புலவர் கூத்தரசன். உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். நடராஜன் என்ற பெயரைத் தூய தமிழில் மாற்றிக்கொண்டவர். என்னைவிட நாலைந்து வயது கூடுதல். பத்திரிகை படிக்க தினமும் எங்கள் ஆபீசுக்கு வருவார்.

உலகத்து மொழிகள் எல்லாம் தமிழிலிருந்து போனவை என்பது அவர் முடிவு. ஆங்கிலத்தை ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தார். நான் ஜெர்மன் புத்தகத்தை வைத்துக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் அவர் கையிலிருந்த பத்திரிகை கீழே விழுந்தது.

ஒரு படத்தில் தகரக் கூட்டை வெட்டித் திறந்து காட்டியிருந்தார்கள். உள்ளே, இடது மூலையில், அடுக்கடுக்காகத் தகடுகள் கொண்ட ஒரு சின்னப் பெட்டி நின்றது. அதற்கு அம்புக்குறி போட்டு ஒரு சொல். புலவர் எழுத்துக் கூட்டினார். "ஒல்... குளர்." இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எள் குளிர்" என்றார். "எள்ளிலிருந்து எண்ணெய். எண்ணெயைக் குளிரச் செய்வது எள்குளிர். நம்ம சொல்லுங்க இது."

நான் சிரிக்கத்தான் போனேன். ஆனால் படத்தைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. எஞ்சினிலிருந்து ஒரு துளை வழியாக எண்ணெய் அந்தப் பெட்டிக்குள் ஏறுகிறது. விசிறிக் காற்று தகடுகளுக்கு நடுவே போகிறது. குளிர்ந்த எண்ணெய் இன்னொரு துளை வழியாக இறங்குகிறது. புலவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. ஆயில் கூலர். தண்ணீர் இல்லாத வண்டியில் எண்ணெய்க்கு ஒரு ரேடியேட்டர். அது விரிசல் விட்டிருக்கிறது.

அன்றிலிருந்து புத்தகம் புலவர் கைக்குப் போயிற்று. ஒரு நோட்டுப் போட்டுச் சொல்சொல்லாக எழுத ஆரம்பித்தார். 'அக்டுங்' என்று எச்சரிக்கைக் குறியோடு ஒரு சொல் வந்தது. அச்சம் என்றார். அதுவும் பொருந்தியது. அவரைப் பிடிக்க முடியவில்லை. தமிழ் மன்றத்தில் 'ஜெர்மனியில் தமிழ்' என்று பேசுவதற்கு நோட்டீசும் அடித்துவிட்டார்.

கூலரை எடுக்க எஞ்சினையே இறக்க வேண்டும். கேட்கத்தான் பெரிய வேலை. நாலு நட்டு, இரண்டு கம்பி, ஒரு பெட்ரோல் குழாய். துணி ரோல் தள்ளும் வண்டியில் எஞ்சினை உட்கார வைத்துவிட்டு, கம்பெனி ஆட்கள் எட்டுப் பேர் காரின் பின்பக்கத்தைக் கையாலேயே தூக்கிப் பிடித்தார்கள். நான் எஞ்சினை உருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். எட்டுப் பேரும் தூக்கியபடியே நின்று, இனி என்ன செய்வது என்று என்னைக் கேட்டார்கள்.

தகரக் கூட்டைக் கழற்றிக் கூலரை எடுத்தேன். ஒரு துளையைக் கட்டைவிரலால் அடைத்து, மறு துளையில் சைக்கிள் பம்பை வைத்து, தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி அடித்தோம். ஓரத் தையலில் குமிழ் குமிழாக வந்தது. இனி அது உதவாது.

சென்னைக்கு ரயில் ஏறிப் புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளில் இரண்டு நாள் அலைந்தேன். அதே மாதிரிக் காரிலிருந்து கழற்றிய கூலர் ஒன்று கிடைத்தது. கடைக்குப் பக்கத்துக் குழாயடியில் வாளி கடன் கேட்டு, அதில் முக்கி, குமிழ் வரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

கூலர் எஞ்சின்மேல் உட்காரும் இடத்தில் இரண்டு ரப்பர் வளையங்கள் உண்டு. எங்கள் வண்டியில் இருந்தவை பழையவை, கல் மாதிரி இறுகிப்போனவை. அவற்றை மாற்ற வேண்டுமா என்று புலவரைக் கேட்டேன். வளையத்தின் படம் போட்ட பக்கத்தை எடுத்தார். அச்சம் என்ற சொல்லும், அதற்குப் பின்னால் 'நிச்ட்' என்று ஒரு சொல்லும் இருந்தன.

"நிச்சயம்" என்றார் புலவர். "இந்த வளையத்தையே நிச்சயம் போடோணும்னு இருக்குதுங்க. மாத்துனா ஆபத்தாம்."

போட்டேன்.

கோலத்தின் மேல்

இந்த அவசரத்துக்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. முதலாளியின் ஒரே மகள் சுலோச்சனாவை மடத்துக்குளத்தில் ஒரு பெரிய விவசாயக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம். கட்டுச்சோறு விருந்து முடித்துப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

சம்பந்தியிடம் நீளமான கறுப்புக் கார் ஒன்று உண்டு. கல்யாணத்தின்போதே அவர் வண்டைப் பார்த்துவிட்டு, எஞ்சினைப் பின்னால் வைத்தவன் ஓட்டுகிறவனையும் பின்னாலேயே வைத்திருக்கலாமே என்று பந்தியில் சொன்னார். அன்றே எங்கள் முதலாளி, என் மகளை இதே வண்டியில்தான் அழைத்து வருவேன் என்று சொல்லிவிட்டார். சாப்பாட்டு இலைக்கு முன்னால் சொன்ன சொல்.

நடுவில் சுலோச்சனா அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்று எழுதியதால் வீட்டம்மா எல்லோரிடமும் அழுதுகொண்டே சொன்னார். பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று மாமனார் வீட்டில் பேச்சு இருக்கிறது, எப்படியாவது வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று அதில் இருந்தது.

விருந்து நாள் காலை முதலாளியும் வீட்டம்மாவும் நானும் வண்டியில் போனோம். பத்து வகைக் கட்டுச்சோறு முன்மூடிக்குள்ளே. உடுமலைப்பேட்டை தாண்டும்போதே எனக்கு அந்த வாசம் வந்துவிட்டது. முன்னால் இருப்பது புளியோதரை, பின்னால் வருவது வேறு. முதலாளி மூக்கை உறிஞ்சினார். சாப்பாட்டு வாசம் என்று நான் சொன்னேன். அவரும் அப்படியே வைத்துக்கொண்டார்.

சம்பந்தி வீட்டு வாசலில், வாசல் முழுக்கக் கோலம் போட்டிருந்தார்கள். அத்தனை பெரிய கோலத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதலாளி அதன் ஓரத்தில்தான் காரை நிறுத்தினார். நிறுத்திக் கதவைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து நீலப் புகை எழுந்தது. இடது பக்கத்திலிருந்து எண்ணெய் சொட்டி, சொட்டு ஒழுக்காகி, கோலத்தின் ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு நடுத் தாமரை வரைக்கும் கறுப்பாகப் போயிற்று.

சம்பந்தி கோபப்படவில்லை. விருந்தை முறையாக நடத்தினார். எல்லாம் முடிந்த பிறகு, இப்படிப்பட்ட வண்டியில் பிள்ளைத்தாய்ச்சியை அனுப்ப முடியாது என்று சாந்தமாகச் சொன்னார். தன் காரை அனுப்பட்டுமா என்றும் கேட்டார். எங்கள் முதலாளி வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கே சுலோச்சனா வந்திருப்பாள். இருபது நாளில் இன்னொரு நல்ல நாள் இருக்கிறது, அதற்குள் வண்டி சரியானால் பார்க்கலாம், இல்லையென்றால் பிரசவம் இங்கேதான் என்று முடிவாயிற்று.

பெட்டி கட்டி வைத்துக்கொண்டு கதவருகே நின்றிருந்த சுலோச்சனா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உடுமலைப்பேட்டை வரை காரை இழுக்க சம்பந்தி ஒரு ஜோடி காளைகளைக் கொடுத்தார். காங்கேயம் காளைகள், கொம்புக்குப் புதுச் சாயம் பூசியிருந்தது. முதலாளி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வழியில் ஒரு கல்யாண ஊர்வலம் எங்களுக்கு ஒதுங்கி வழி விட்டது. எங்களையும் கல்யாணக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இடது பக்கம், வலது பக்கம்

மறுநாள் நிட்டிங் மெஷினில் ஒரு கோளாறு. மெஷினோடு வந்த குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். அதில் வலது பக்கம் ஆங்கிலம், இடது பக்கம் ஜெர்மன். எனக்கு எட்டாம் வகுப்பு ஆங்கிலம். வலது பக்கத்தையே தட்டுத்தடுமாறித்தான் படிப்பேன், இடது பக்கத்தை அத்தனை வருஷத்தில் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

அன்று பார்த்தேன். வலது பக்கத்தில் தடித்த எழுத்தில், மெஷின் ஓடும்போது கையை உள்ளே விடாதே என்று இருந்தது. நேர் எதிரே இடது பக்கத்தில் அதே இடத்தில், அதே தடித்த எழுத்தில், நிச்ட்.

அடுத்த பக்கம் புரட்டினேன். தண்ணீர் படக் கூடாது. நிச்ட். வளைந்த ஊசியை மறுபடி பயன்படுத்தக் கூடாது. நிச்ட். எங்கெல்லாம் வேண்டாம், கூடாது என்று இருந்ததோ, அங்கெல்லாம் புலவரின் நிச்சயம் நின்றது.

கூலர் நன்றாகத்தான் இருந்தது. இறுகிப்போன பழைய வளையங்களைப் போடவே கூடாது என்று அந்தப் புத்தகம் அச்சத்தோடு சொல்லியிருக்கிறது. நாங்கள் நிச்சயமாகப் போட்டிருக்கிறோம்.

அதை எப்படி அவரிடம் சொல்வது என்று ஒரு நாள் முழுக்கத் தவித்தேன். மன்றத்தில் பேச ஒரு மாதம்கூட இல்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவரிடம் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன். அவர் வலது பக்கத்தைப் படித்தார், இடது பக்கத்தைப் படித்தார். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். பிறகு பையிலிருந்து தன் நோட்டை எடுத்து, நிச்சயம் என்று எழுதிய ஒவ்வொரு இடத்தையும் பேனாவால் அடித்தார். அடித்து முடிக்க நேரம் ஆயிற்று.

"அந்தப் பொண்ணு பெட்டியோட நின்னுச்சுன்னு சொன்னீங்களே" என்றார். "என்னாலதான், இல்லீங்களா?"

நான் மெஷினைப் பற்றி ஏதோ பேசினேன்.

அடுத்த நாளிலிருந்து இரண்டு புத்தகத்தையும் வைத்து இரண்டு பேரும் மறுபடி முதலிலிருந்து படித்தோம். அப்போதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. பழைய கூலர் விரிந்ததற்கே ஒரு காரணம் இருக்கிறது. எஞ்சினுக்கு அடியில் ஒரு திருகுக்குள் சின்ன உருளை ஒன்று ஸ்பிரிங்மேல் நிற்கும். காலையில் எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது அந்த உருளை நகர்ந்து, எண்ணெயைக் கூலருக்குள் போகவிடாமல் வேறு வழியில் திருப்பிவிட வேண்டும். அது சிக்கிக்கொண்டால் முழு அழுத்தமும் கூலர்மேல் விழும். புதுக் கூலரும் கொஞ்ச நாளில் விரியும்.

அந்த இடத்தில் 'துருக்' என்று ஒரு சொல். புலவர் அதை முன்பு துரு என்று எழுதி வைத்திருந்தார். மெஷின் புத்தகத்தின் வலது பக்கத்தின்படி அது அழுத்தம். அவர் பேனாவை எடுத்தார். நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

காருக்கு அடியில் படுத்து அந்தத் திருகைக் கழற்றினேன். ஸ்பிரிங் வந்தது, உருளை வரவில்லை. இறுகிப் பிடித்திருந்தது. அதை இழுத்து எடுக்க அரை நாள் ஆயிற்று. சுற்றிலும் காய்ந்த பழைய எண்ணெய், செம்பழுப்பாக, பிசின்போல ஒட்டியிருந்தது. துரு இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும்.

புலவர் குனிந்து, என்ன என்று கேட்டார்.

"துருவுங்க" என்றேன்.

அவர் அந்தச் சொல்லை மட்டும் நோட்டில் அடிக்காமல் விட்டார்.

உருளையைச் சுரண்டி மெருகேற்றி, விரலால் தள்ளினால் ஓடுகிறபடி செய்தேன். கோயமுத்தூரில் பம்ப்செட்டுக்கு ரப்பர் சாமான் வார்க்கும் பட்டறையில், எண்ணெய் தாங்கும் ரப்பரில் இரண்டு புது வளையம் வார்த்து வாங்கினேன். எட்டுப் பேர் மறுபடி காரைத் தூக்கினார்கள்.

பனியன் சாட்சி

இரண்டாவது பயணத்துக்கு முதலாளி ஒரு யோசனை செய்தார். எங்கள் கம்பெனியின் வெள்ளை பனியன் ஒன்றை எஞ்சினுக்கு அடியில் தொட்டில்போலக் கட்டச் சொன்னார். ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிந்துவிடும். சைஸ் பெரியதாகப் பார்த்துக் கட்டினேன்.

புலவர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். எஞ்சின் பின்சீட்டுக்குப் பின்னால் இருப்பதால் அந்தச் சீட்டில்தான் உட்காருவேன் என்றார். வெடித்தால் முதலில் தனக்கு வெடிக்கட்டும் என்று காரணம் சொன்னார். ஆயில் கூலர் வெடிக்காது, ஒழுகத்தான் செய்யும் என்று நான் சொன்னேன். அதனால் அவர் மனம் மாறவில்லை. இரண்டு புத்தகத்தையும் மடியில் வைத்துக்கொண்டு ஏறினார்.

மடத்துக்குளத்தில் சம்பந்தி வாசலில் காத்திருந்தார். இந்தத் தடவை கோலம் இல்லை. நான் பனியனை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். புழுதி இருந்தது. எண்ணெய் இல்லை.

எதிர்பார்த்திருக்கமாட்டார். சற்று யோசித்துவிட்டு, புலவர் கையில் விரிந்திருந்த புத்தகத்தைக் காட்டி, அதில் என்ன போட்டிருக்கிறது, பிள்ளைத்தாய்ச்சி இந்த வண்டியில் போகலாம் என்று இருக்கிறதா, படித்துச் சொல்லுங்கள் என்றார். சுற்றிலும் சொந்தக்காரர்கள் இருபது பேர் இருந்தார்கள். புலவர் எதைச் சொன்னாலும் நம்பியிருப்பார்கள். எங்கள் முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புலவர் புத்தகத்தை மூடினார்.

"எனக்கு இதைப் படிக்கத் தெரியாதுங்க" என்றார். "தெரியும்னு நெனச்சேன். அன்னைக்கு உங்க வாசல்ல எண்ணெய் கொட்டுனது, நான் தப்பாப் படிச்சதாலதான். வண்டிமேலயும் இவங்கமேலயும் குத்தமில்லீங்க."

கூட்டத்திலிருந்து சம்பந்தியம்மா மட்டும் முன்னால் வந்தார். எஞ்சின் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, புலவரிடம் திரும்பினார்.

"நீங்க அதும்பக்கத்துலயே உக்காந்து வந்தீங்களா?"

"ஆமாங்க."

"சூடு தெரிஞ்சுதுங்களா?"

"முதுகுல லேசா."

அந்தம்மா கணவர் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே திரும்பி, "சுலோச்சனா, கெளம்பு கண்ணு" என்றார்.

திரும்பும்போது முதலாளி காரை ஓட்டிய வேகத்தை வேகம் என்று சொல்ல முடியாது. தென்னை மட்டை கட்டிய ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போயிற்று. அப்புறம் இன்னொன்று. உடுமலைப்பேட்டை வருவதற்குள் பஸ்ஸும் மாட்டு வண்டியும் தாண்டிவிட்டன. முன்சீட்டில் இருந்த சுலோச்சனா பொறுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, கொஞ்சம் வெரசாப் போங்க. இல்லீன்னா நம்மூரு போய்ச் சேர்றதுக்குள்ள பொறந்துரும்" என்றாள். முதலாளி சிரித்தார். கட்டுச்சோறு விருந்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

சில வாரத்தில் திருப்பூரில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம்.

மன்றத்தில்

புலவர் கூட்டத்தை ரத்து செய்யவில்லை. அறிவித்த நாளில் மேடையேறி, தன் ஆராய்ச்சி தவறு, நிச்ட் என்றால் இல்லை என்று பொருள், தமிழுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நடந்ததையெல்லாம் சொன்னார். கூட்டம் ஒப்புக்கொள்ளவில்லை. நிச்ட் என்றால் நிச்சயம்தான், ஜெர்மன்காரர்கள் பிற்காலத்தில் பொருளை மாற்றிவிட்டார்கள் என்று இரண்டு பேர் எழுந்து வாதாடினார்கள். பலத்த கைதட்டல் அவர்களுக்குத்தான் கிடைத்தது. நான் பின்வரிசையில் உட்கார்ந்து, என்ன செய்வது என்று தெரியாமல் நானும் தட்டிவிட்டேன்.

அதன் பிறகு அவர் தபாலில் ஜெர்மன் படிக்க ஆரம்பித்தார். சென்னையில் ஒரு அம்மையார் தபால் வழியாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று மாதம் படித்துவிட்டு, புலவர் ஒரு பக்கத்துக்கு ஜெர்மனில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். தன்னைப் பற்றியும் தன் ஊரைப் பற்றியும்.

அது திருத்தப்பட்டுத் திரும்பி வந்த அன்று, பத்திரிகை படிக்கும் நேரத்துக்கு முன்பே ஆபீசுக்கு வந்துவிட்டார். மேஜைமேல் அந்தக் காகிதத்தை விரித்தார். அவர் எழுதிய நீல எழுத்து தெரியாத அளவுக்குச் சிவப்பு மை. வரிக்கு வரி அடித்து, மேலே எழுதி, ஓரத்தில் எழுதி, இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதியிருந்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பாருங்க நாச்சிமுத்து" என்றார், குரலில் அத்தனை சந்தோஷம். "முகந்தெரியாத ஒரு அம்மா, நான் பண்ணுன தப்பு ஒண்ணக்கூட விடாம உக்காந்து படிச்சிருக்காங்க."